அம்மைப்பால்

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியின் தரையில் சோற்றைப் போட்டுச் சாப்பிடலாம், இன்ஸ்பெக்டர். ஒரு பருக்கையில்கூடத் தூசு ஒட்டாது. உங்கள் ஆட்கள் நேற்று பூட்ஸ் காலோடு உள்ளே வந்தபோது எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். இதையெல்லாம் இனி யார் துடைப்பது என்று நினைத்தேன். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் கொஞ்சம்தான்.

நீங்கள் தமிழர் என்பதால் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். மறைக்க நினைக்கிறவனுக்குத்தான் வக்கீல். நான் சொல்வதை நீங்கள் நிதானமாகக் கேட்டால், என் இடத்தில் இருந்தால் நீங்களும் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசிப்பீர்கள். உங்களுக்கும் மனைவி இருக்கிறார் அல்லவா.

என் பெயர் சூசைமுத்து. பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே வந்தால், ஆற்றை ஒட்டி இருக்கும் எங்கள் தோட்டத்தில் நான் டிரசர். டிரசர் என்றால் புண்ணுக்குக் கட்டுப்போடுகிறவன் என்று டவுன்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். டாக்டர் வாரத்துக்கு ஒரு முறை வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சல், பேதி, பாம்புக்கடி, பிரசவம், புருஷன் அடித்த காயம் எல்லாவற்றுக்கும் நான்தான். தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேரின் பின்புறம் எனக்கு அவர்கள் முகத்தைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் கையில் இருக்கும் அம்மைத் தழும்பும் நான் போட்டதுதான். பெரியம்மை வராமலிருக்க அந்தக் காலத்தில் கையில் கீறி ஒரு மருந்து வைத்தோமே, அதை எங்கள் ஜனங்கள் அம்மைப்பால் என்பார்கள். நான் கீறினால் குழந்தை அழாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

என் மனைவி கான்ஸ்டன்ஸ். உங்களுக்குத் தெரியும், அவளைத்தான் முதலில் விசாரித்தீர்கள். மாதா கோயிலில் பாடுவாள். லயத்துப் பெண்பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டு முன்னறையில் தையல் சொல்லிக்கொடுப்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்காக அழுது முடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவள் வாய் சும்மா இருக்காது. "ஆஸ்பத்திரி தரைய பாக்கிற மாதிரி என்னையும் ஒரு நாளைக்கு ஒரு தடவ பார்த்தா கொறஞ்சா போயிடுவீங்க?" என்பாள். நான் பேப்பர் படிப்பேன். அவள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், நான் கேட்காத மாதிரி இருக்க வேண்டும், அதுதான் எங்கள் வீடு.

மாதவிலக்கு நின்று பல காலம் கழித்து அவளுக்கு மறுபடியும் ரத்தம் படத் தொடங்கியது. என்னிடம் சொல்லவில்லை. எந்த லயத்துப் பெண்ணும் என்னிடம் கூசாமல் சொல்கிற விஷயத்தை என் மனைவி மறைத்தாள். துணிகளைத் தானே துவைத்து, நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு காயப் போட்டிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாட எழுந்தவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. கோலாலம்பூரில் பார்த்தார்கள். கர்ப்பப்பையின் வாயில் புற்று. கதிர் வைத்தார்கள். கொஞ்ச காலம் நன்றாக இருந்தாள், என்னை மறுபடியும் கேலி செய்தாள். பிறகு அது திரும்பி வந்தது. இனி வீட்டில் வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எத்தனையோ குடும்பங்களிடம் நானே அதே குரலில் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டும் இருக்கிறேன்.

வீட்டுக்குள் ஒரு வாடை வரத் தொடங்கியது. அவள் சாம்பிராணி போட்டு மறைப்பாள். நான் ஜலதோஷம் என்று சொல்லிக்கொள்வேன். வலி வரும்போது தலையணையைக் கடிப்பாள். பாட்டு நின்றது, பிறகு பேச்சு நின்றது. என்னால் தாங்க முடியவில்லை, இன்ஸ்பெக்டர். மாதாவின் முன் முழங்காலில் நின்று அழுதேன். கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது பத்துமலை வந்ததும், பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்காதபடி முருகனையும் கும்பிட்டேன். எந்தச் சாமி காது கொடுத்தாலும் சரி, எனக்கு அவள் வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

டாக்டர் தனபாலனை நீங்கள் குறை சொல்லக்கூடாது. அவர் எங்கள் தோட்டத்துக்கு வரும் சின்ன வயதுக்காரர், கெட்டிக்காரர். என் முகத்தைப் பார்த்து மனம் கேட்காமல் ஒரு நாள் உட்கார்ந்து பேசினார். இந்தப் புற்று ஒரு வைரஸால் வருகிறது என்று இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றார். கிருமியால் வருகிற நோய் என்றால் கிருமியை அடிக்க வழி இருக்குமே என்று நான் கேட்டேன்.

"தேடிக்கிட்டுதான் இருக்காங்க சூசை. இந்த அம்மைப்பால் இருந்துச்சு பாருங்க, அதுல இருக்கிற வைரஸ எடுத்து, அதோட கேன்சர் வைரஸ்ல ஒரு சின்ன துண்ட ஒட்டுறாங்க. அத ஒடம்புல போட்டா, ஒடம்பே அந்தக் கட்டிய எதிரின்னு அடையாளம் கண்டு அடிக்க ஆரம்பிக்கும். எலிக்கு போட்டுப் பார்க்கிறாங்க. சில எலிக்கு கட்டி கரைஞ்சிருக்கு."

"ஒட்டுறதுன்னா? நம்ம ஒட்டுக்கன்னு மாதிரியா டாக்டர்?"

அவர் சிரித்தார். "கிட்டத்தட்ட அப்படித்தான்னு வச்சுக்குங்களேன்."

மனிதர்களுக்கு எப்போது வரும் என்று கேட்டேன். பத்து வருஷமாவது ஆகும் லா, என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நான் ஜீப் போகும் வரை வாசலில் நின்றேன். பத்து வருஷம். அவளுக்குப் பத்து மாதம் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது.

ஒட்டுக்கன்று என்றால் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. என் அப்பா ரப்பர் நாற்றுமேட்டில் ஒட்டுக் கட்டுகிறவர். நல்ல பால் தருகிற மரத்திலிருந்து ஒரு மொட்டைப் பட்டையோடு எடுத்து, இளங்கன்றின் தண்டில் பட்டையைத் திறந்து அதற்குள் வைத்துக் கட்டுவார். கொஞ்ச நாளில் பிரித்துப் பார்த்தால் பச்சையாக இருக்கும். ஒட்டுப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு மரம் சேர்ந்து ஒரு மரம் ஆகிவிடும். இதற்கு எந்த இயந்திரமும் வேண்டாம். வேண்டியது உயிருள்ள ஒரு கன்று. முற்றிய மரத்தில் பிடிக்காது. பட்டை இளசாக, சுலபமாக உரிய வேண்டும்.

வெள்ளைக்காரன் எலியில் செய்வதும் இதுதான் என்று எனக்கு விளங்கிவிட்டது. அம்மைப்பாலோ என்னிடமே இருந்தது. பெரியம்மை உலகத்திலேயே ஒழிந்துவிட்டது, இருப்பதையெல்லாம் அழித்துவிடுங்கள் என்று மேலிடத்திலிருந்து சொன்னபோது அழித்தேன். ஒரு சின்னப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நல்ல மருந்தை எறிய எனக்கு எப்போதும் மனம் வராது. ஆஸ்பத்திரியில் மண்ணெண்ணெயில் ஓடும் பிரிட்ஜில், பாம்புக்கடி மருந்துக்குப் பின்னால் அது பல வருஷம் பத்திரமாக இருந்தது.

கான்ஸ்டன்ஸின் நோயிலிருந்து கொஞ்சம் எடுப்பது கஷ்டமாக இல்லை. பரிசோதனைக்கு என்று சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு சம்மதித்தாள். இரண்டையும் கலந்தேன். முதலில் என் கையில்தான் போட்டேன், இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். பிடிக்கவில்லை. ஒரு சின்னச் சிவப்பு வந்து காய்ந்துவிட்டது. நான் சிறுவயதிலும், வேலையில் சேர்ந்த பிறகும் அம்மைப்பால் போட்டவன். தழும்பு உள்ள உடம்பு அந்த மருந்தை அடையாளம் கண்டு துரத்திவிடும். முற்றிய மரம்.

ஆகவே தழும்பு இல்லாத ஒரு கை வேண்டியிருந்தது. தோட்டத்தில் பெரியவர்கள் எல்லோருக்கும் தழும்பு உண்டு. நான்தானே போட்டேன். சின்னப் பிள்ளைகளுக்குக் கிடையாது, அவர்கள் பிறப்பதற்குள் அரசாங்கம் அதை நிறுத்திவிட்டது. பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போடப் போகும்போது அந்தப் பிஞ்சுக் கைகளைப் பார்ப்பேன். ஆனால் பிள்ளைகள் மேல் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் அப்படிப்பட்ட மனிதன் இல்லை.

கலாவதி பிள்ளை இல்லை. இருபது வயதுப் பெண். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பழம் பொறுக்குகிற அம்சவள்ளியின் மூத்த மகள். தகப்பன் இல்லை. ரவாங்கில் ஒரு எலக்ட்ரானிக் பேக்டரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அந்த வேலையை நினைத்து அந்த வீடே குதித்துக்கொண்டிருந்தது. கம்பெனி பஸ் வந்து கூட்டிப் போகும், குளுகுளு அறையில் வேலை, அம்மாவின் இடுப்பு இனிமேலாவது நிமிரும். சேர்வதற்கு முன் உடம்பு பரிசோதனை செய்ய வேண்டும் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அதற்காக என்னிடம் வந்தாள். தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். சட்டைக் கையை மடித்தபோது பார்த்தேன். கையில் தழும்பு இல்லை.

பேக்டரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு தடுப்பு மருந்து உண்டு என்று சொன்னேன். அவள் கையை நீட்டினாள். சிரித்துக்கொண்டேதான் நீட்டினாள். நான் கீறினேன். அவள் முகம்கூடச் சுளிக்கவில்லை.

பிடித்தது, இன்ஸ்பெக்டர். அதை எப்படிச் சொல்வது. முதலில் ஒரு சிவப்பு, பிறகு ஒரு கொப்புளம், நடுவில் குழி விழுந்து, முத்து மாதிரி. அதைப் பார்த்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது. நான் வீட்டுக்கு ஓடினேன். என் வயதில் ஓடுகிறவனைப் பார்த்து லயத்தில் சிரித்தார்கள். கான்ஸ்டன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள், மருந்து பழுத்துக்கொண்டிருக்கிறது என்றேன். அவள் ஜுரத்தில் இருந்தாள். நான் மாங்காயைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

பிறகு அது கையோடு நிற்கவில்லை. முழங்கை மடிப்பில், கழுத்தில், முழங்காலுக்குப் பின்னால், கடைசியில் முகத்திலும் எழும்பியது. காய்ச்சல் ஏறியது. அம்சவள்ளி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

"ஐயா, புள்ளைக்கு மேலெல்லாம் முத்து போட்டிருக்கு. ஆத்தாளா ஐயா? பெரிய ஆஸ்பத்திரிக்கு கொண்டுட்டுப் போவணுமா? ஒரு சொல்லு சொல்லுங்க, ஆபீஸ் கிராணிக்கிட்ட கெஞ்சி லோரி கேக்குறேன்."

இந்த இடத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தோட்டத்தில் நான் வேலைக்கு வந்ததிலிருந்து யாருக்காவது அம்மை போட்டால் என்னோடு சண்டைதான். வாசலில் வேப்பிலை கட்டுவார்கள், வந்திருப்பது மாரியாத்தா, மருந்து கொடுத்தால் கோபித்துக்கொள்வாள் என்பார்கள். நான் வேப்பிலையைப் பிய்த்து எறிந்துவிட்டு நோயாளியைத் தூக்கிக்கொண்டு போவேன். "இந்த வேதக்காரன் ஒரு நாளைக்கு கண்ணு அவிஞ்சு போவப் போறான்" என்று கிழவிகள் என் காது படவே திட்டுவார்கள். அம்சவள்ளிக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் என்னைக் கேட்கிறாள். நான் தூக்கிக்கொண்டு போ என்று சொல்ல வேண்டும் என்பதற்காகவே வந்து நிற்கிறாள்.

"ஆத்தாதான்," என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆத்தாதான் வந்திருக்கா. எங்கயும் கொண்டு போவாத. கூழ் குடு, வேப்பிலைய படுக்கையில போடு. யாரும் கிட்ட போவ வேணாம். நான் வந்து பாத்துக்கிறேன்."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. டிரசரையாவே சொல்லிவிட்டார் என்று லயம் முழுக்கப் பேச்சு. மாரியம்மன் கோயில் பூசாரி எனக்குத் தேங்காய்மூடி கொடுத்தனுப்பினார். இத்தனை வருஷத்தில் அந்த ஜனங்கள் என்னைத் தங்களில் ஒருவனாக நினைத்தது அந்தச் சில நாட்களில்தான். அது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

அந்த வீட்டுக்குள் போய்வந்தது நானும் அம்சவள்ளியும் மட்டும்தான். கலாவதியின் தங்கையைப் பக்கத்து லயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அறையில் மஞ்சளும் வேப்பிலையும் மணக்கும். "எரியுது ஐயா," என்பாள் கலாவதி. பிறகு, "பேக்டரியில இடத்த வேற ஆளுக்கு குடுத்துடுவாங்களா ஐயா?" என்று கேட்பாள். கொடுக்க மாட்டார்கள், நான் சொல்லிக்கொள்கிறேன் என்பேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். நான் எனக்கு வேண்டியதைக் கொப்புளங்களிலிருந்து ஒரு சீசாவில் எடுத்துக்கொள்வேன். என் கை பதறியதில்லை. அவளுக்கு வலிக்காமல்தான் எடுத்தேன்.

டாக்டர் தனபாலன் வழக்கம்போல வந்தார். லயத்தில் யாருக்காவது உடம்பு மோசமாக இருக்கிறதா என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன். அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அவர் குடித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து பார்த்தால் அம்சவள்ளி வீட்டு வேப்பிலை தெரியும். அவர் சின்ன வயதுக்காரர், டவுனில் வளர்ந்தவர். ஏதோ திருவிழா என்று நினைத்திருப்பார்.

அதற்கு அடுத்த வாரம் கலாவதி இறந்துபோனாள்.

ஆத்தா எடுத்துக்கொண்ட உடம்பை எரிக்கக்கூடாது என்று எங்கள் ஜனங்கள் புதைப்பார்கள். அதனால்தான் உங்களாலும் தோண்டி எடுக்க முடிந்தது. அம்சவள்ளி சத்தம் போட்டு அழவில்லை, அழுதால் ஆத்தாவுக்குக் கோபம் வரும், இளையவளையும் தொட்டுவிடுவாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்தினார்கள். நானும் மண் போட்டேன். எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். அன்று நான் சாப்பிடவில்லை. ஆனால் என் சீசா நிறைந்திருந்தது.

மறுநாள் காலை கான்ஸ்டன்ஸை உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஊசியைக் கொதிக்கவைத்தேன். அவளுக்கு அன்று கொஞ்சம் தெளிவு இருந்தது. என்ன மருந்து என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். மனைவியிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கலாவதி பெயரை மட்டும் சொல்லவில்லை, ஒரு பெண் என்றேன். என் குரலில் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும்.

முந்தின நாள் லயத்தில் நடந்த சாவைப் பக்கத்து வீட்டுப் பெண் அவளிடம் சொல்லியிருந்தாள்.

"கலாவதியா?"

நான் ஊசியைச் சீசாவில் தோய்த்தேன்.

"அந்தப் புள்ளைக்கு கரப்பானாச்சேங்க. என்கிட்ட தையல் படிக்கையில முழங்கைய சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தமா இருக்குமே. கைப்புள்ளையில அம்சவள்ளி தூக்கிட்டு வந்தப்போ, கரப்பான் ஒடம்புக்கு அம்மைப்பால் போட்டா உசுருக்கே ஆபத்து, இதுக்கு எப்பவும் போடாதன்னு திருப்பி அனுப்புனது நீங்கதான். வீட்டுக்கு வந்து என்கிட்ட சொன்னீங்க. நல்ல வேளை பாத்தேன், இல்லன்னா செத்திருக்கும்னு சொன்னீங்க."

சொல்லிவிட்டு சட்டைக் கையை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டாள். என் கை பட்டபோது சுவரோரமாக நகர்ந்தாள். அவ்வளவு வலியிலும் நகர்ந்தாள். டாக்டர் தனபாலன் அடுத்த முறை வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு அவரைக் கூப்பிட்டு அனுப்பியது அவள்தான். மற்றது உங்களுக்குத் தெரியும்.

ஆமாம். அவள் உங்களிடம் சொன்னது உண்மை. கலாவதியின் கையில் தழும்பு இல்லாதது தற்செயல் இல்லை, அது இல்லாமல் இருக்கக் காரணம் நான். அதைப் போடக்கூடாத உடம்பு அது என்று அந்தத் தோட்டத்தில் எல்லோரையும்விட எனக்குத்தான் தெரியும். கரப்பான் உடம்பில் அம்மைப்பால் ஒரு கொப்புளத்தோடு நிற்காது, உடம்பெல்லாம் பரவும். வேறு கையில் போட்டால் ஒரு துளி கிடைக்கும். அவளிடம் போட்டால் சீசா நிறையும். கான்ஸ்டன்ஸுக்கு ஒரு துளி போதாது, நோய் அவ்வளவு முற்றியிருந்தது. யோசித்துத்தான் செய்தேன். அவள் உடம்பு பரிசோதனைக்கு வருவதற்கு முன்பே யோசித்துவிட்டேன். பேக்டரி வேலைக்கு மனுப் போடச் சொல்லி அம்சவள்ளியிடம் சொன்னதே நான்தான், பரிசோதனைக்கு என்னிடம்தான் வருவாள் என்று தெரியும்.

டாக்டர் தனபாலன் இந்த ஸ்டேஷனில் உங்கள் முன்னால் அழுதார். அதெல்லாம் பெரிய சோதனைக்கூடத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில் வெட்டி ஒட்டுகிற வேலை, ஒரு மனுஷியின் கையில் நடக்காது என்றார். "ஒட்டுக்கன்னு மாதிரியான்னு கேட்டீங்க, பேச்ச முடிக்கணும்னு ஆமான்னு சொன்னேன் சூசை. உங்க சீசாவுல இருக்கிறது வெறும் சீழ்," என்றார். பாவம், பயந்துவிட்டார். படித்தவர்கள் எழுதிக் கையெழுத்துப் போடாத எதையும் உண்மை என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எலிக்குக் கரைந்தது என்று சொன்னதும் அவர்தானே. ஒட்டுப் பிடித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கான்ஸ்டன்ஸை மறுபடி கோலாலம்பூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். இனி ரொம்ப நாள் இல்லையாம். என்னைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். பரவாயில்லை. கோபம் அவளுக்கு இப்படித்தான் வரும், பிறகு அவளே வந்து பேசுவாள். அதற்கு அவள் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் எழுதியதில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். தூக்குக்கு அனுப்பினாலும் மறுப்புச் சொல்ல மாட்டேன். உங்கள் காலைப் பிடித்துக் கேட்பது ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரியைப் பூட்டி சீல் வைத்துவிட்டீர்கள். அந்த பிரிட்ஜுக்கு யாராவது மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் சூடேறிப்போகும். சீசா உள்ளே மேல் தட்டில் இருக்கிறது. அதைக் கொட்டிவிடாதீர்கள். ஐஸில் வைத்து, இன்றைக்கே ஒரு ஆளிடம் கோலாலம்பூருக்குக் கொடுத்தனுப்புங்கள். வலிக்கு ஊசி போட்ட பிறகு அவள் அயர்ந்து கிடப்பாள், அப்போது கையில் கீறிவிடலாம், எந்த நர்ஸும் செய்துவிடுவாள். முழித்திருந்தால் வேண்டாம் என்று சொல்லுவாள், கையை இழுத்துக்கொள்வாள், அழுவாள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அந்த நர்ஸிடம் சொல்லுங்கள். கையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கலாவதியும் அப்படித்தான் அழுதாள்.